அப், டவுன் கணக்கில் சேராத வண்டி

ஸ்கார்பரோ, டொராண்டோ
அக்டோபர் கடைசி வாரம்

கோவிலம்பாக்கம் பெரியப்பாவுக்கு,

போனில் நீங்கள் கேட்ட கேள்வியை ரூமில் சொன்னேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு மீனம்பாக்கத்துல ஏறினே. அதே தேதி மத்தியானம் மூணரைக்கு இறங்கிட்டேங்கிறே. பதிமூணரை மணி நேரம். நம்ம கன்னியாகுமரி எக்ஸ்பிரஸே கிட்டத்தட்ட அவ்வளவு எடுத்துக்குது. இதுக்கா இத்தனை அலட்டல்?" ரயில்வேயில் ரிட்டையரானவரிடம் சமாளிக்க முடியுமா? எழுத்திலேயே கணக்கு ஒப்படைக்கிறேன்.

அந்தப் பதிமூன்றரையோடு ஒன்பதரையைக் கூட்டுங்கள். இந்த ஊர்க் கடிகாரம் அவ்வளவு பின்தங்கி ஓடுகிறது. ஆக, இருபத்து மூன்று மணி நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டில் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கியதும் அதில் சேர்த்தி. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத ஏர்போர்ட்டுக்கு எட்டு மணிக்கே என்னைக் கிளப்பி, ஈச்சங்காடு சிக்னலில் நிற்கும்போது "நான் சொன்னேன்ல" என்று சிரித்தீர்களே, அது தனிக் கணக்கு.

சென்னையிலிருந்து இங்கே நேர் விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் வரை சுமார் 7,600 கிலோமீட்டர், அங்கிருந்து 6,300 சொச்சம். எதற்கு இந்தச் சுற்று என்பீர்கள். பேத்தியின் உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். சென்னை கிழக்கே 80 பாகை, டொராண்டோ மேற்கே 79. நூல் அரபிக்கடல் பக்கம் எட்டியும் பார்க்காது. நேரே வடக்கே ஏறி ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று உலகத்தின் உச்சந்தலையை உரசிவிட்டு இறங்கும். அது சுமார் 13,400. நான் கூடுதலாகச் சுற்றியது அதிகம் போனால் ஒரு கோவில்பட்டி தூரம்தான். தவிர, ரஷ்யா 2022-இலேயே கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தன் வான்வெளியை மூடிவிட்டது. உங்கள் பாஷையில், லைன் பிளாக்.

அடுத்தது, அப் வண்டிக்கு ஒரு நேரம் டவுன் வண்டிக்கு ஒரு நேரமா என்ற உங்கள் கோபம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடுகிறது. பனிக்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். இங்கே வரும்போது அது முகத்தில் அறைகிறது, ஊருக்குத் திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பிப் போக ஏழு, ஏழரை போதும். பெரியம்மா கேட்டால் பிள்ளையார் செயல் என்பார்கள். நான் மறுக்கப் போவதில்லை.

இறங்கியதும் ஆயிற்றா என்றால் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து ஸ்கார்பரோவுக்கு 401 என்று ஒரு நெடுஞ்சாலை. சில இடங்களில் பதினாறு, பதினெட்டு லேன். அத்தனையிலும் வண்டிகள் நிற்கின்றன. நம் ரேடியல் ரோட்டில் குறுக்கே வரும் மாடாவது நகர்கிறது. அட்லாண்டிக் எப்போது முடியும் என்று பைலட் சொல்லிவிட்டார். வீடு எப்போது வரும் என்று டாக்ஸிக்காரரால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவார்கள். அப்புறம் நமக்குள் பத்தரை மணி வித்தியாசம். காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் எனக்கு முந்தின ராத்திரி எட்டரை. அரிசி அப்போதுதான் குக்கரில் ஏறியிருக்கும், விசிலுக்கு நடுவே பேச வேண்டியிருக்கும். விமானம் ஏறாமலே பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டான் என்பதைப் பெரியம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை