நாற்காலி இருந்தால்தான் சரித்திரம்

காத்திவாக்கத்தில் ஒரு வீட்டில் நல்ல சேதி என்றால் முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய். அடுத்து, "மாமாவைக் கேட்டியா?" பையனுக்கு வேலை கிடைத்தாலும் சரி, பெண்ணுக்கு வரன் அமைந்தாலும் சரி, டவுனுக்குப் போய்ப் பெரிய ஓட்டலில் சாப்பிடுவது என்று முடிவாகிவிட்டால் எந்த ஓட்டல் என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும். தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். கம்பெனியில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். சர்வீஸ் முழுக்க கேன்டீன் சாம்பாரைக் குடித்துவிட்டு, இப்போது சென்னையின் ஓட்டல் சரித்திரத்துக்கே அத்தாரிட்டி. அவர் செல்போனின் ரகசிய எண் 1951. அவர் பிறந்த வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மவுண்ட் ரோட்டில் புகாரி திறந்த வருஷம்.

மாமாவிடம் சாப்பாடு எப்படியிருக்கும் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்க வேண்டும். திருவல்லிக்கேணி ரத்னா கபே என்றதும், "1948. வடக்கே மதுராவுலேர்ந்து வந்த குடும்பம்பா. நம்மாளுக்கு சாம்பார்னா இன்னான்னு அவங்க காட்டுனாங்க" என்பார். அங்கே இட்லி மூழ்குகிற வரை சாம்பார் ஊற்றுவார்கள் என்ற விஷயம் அவருக்கு அப்புறம்தான். ராயப்பேட்டை பொன்னுசாமி 1954, அஞ்சப்பர் 1964. பேத்தியின் பிறந்த நாளை மட்டும் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வார்.

கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று போன மாதம் அவர் வீட்டிலேயே பேச்சு வந்தது. மாமா கொஞ்சம் எட்டிப் பிடித்து கன்னிமாராவைச் சொன்னார். சென்னையின் பழம்பெரும் நட்சத்திர ஓட்டல். 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த கவர்னர் பொண்டாட்டி புருஷன்கிட்ட கோச்சுக்கினு வந்து தங்குன ஓட்டல்னு ஒரு கதை இருக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

"சண்டை போட்டுக்கினு வந்த எடத்துக்கா கல்யாண நாளுக்கு இட்டுனு போறீங்க?" என்றார் அத்தை. கன்னிமாரா அத்தோடு முடிந்தது.

மாமா அசரவில்லை. அவருடைய உண்மையான பட்டியலே இனிமேல்தான். "சாப்ட்டா வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன்ல சாப்டணும். கார்லயே குந்திக்கினு, ஜன்னல்ல தட்டை மாட்டிக்கினு..." 1962-இல் திறந்து 2008-இல் மூடிய இடம் அது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. மாமாவுக்கு அன்றும் கார் கிடையாது, இன்றும் கிடையாது. அடுத்து பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ், அதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் மவுண்ட் ரோட்டு டாஞ்சலிஸ் ஓட்டலுக்குப் போய்விடுவார். அதை நடத்தியவர் கார்சிகா தீவுக்காரர். 1910-இலேயே விமானம் கட்டி மதராஸில் பறக்கவிட்டவர். "ஓட்டல்காரன் பிளேன் வுட்டாம்பா! இன்னிக்கு எவன் வுடுறான்?" இந்தக் கேள்விக்குக் காத்திவாக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. நான் கவனித்த வரையில், மாமாவின் தரவரிசையில் முதல் மூன்று இடங்களும் மூடிய ஓட்டல்களுக்குத்தான். மூடிய ஓட்டலில் உப்பு கூட, காரம் கம்மி என்று யாரும் குறை சொல்ல முடியாதே.

கடைசியில் எல்லோரும் பசியில் சோர்ந்தபின் எப்போதும் போல புகாரி. மின்சார ரயில், விம்கோ நகர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, சென்ட்ரல், அப்புறம் ஆட்டோ. உட்கார்ந்ததும் மாமா மெனு கார்டைத் திறக்காமல் மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். அது அவருடைய சம்பிரதாயம். பிறகு சிக்கன் 65 பற்றிய சொற்பொழிவு. அறுபத்தைந்து மிளகாய் போட்டதால் அந்தப் பெயர், அறுபத்தைந்து நாள் கோழி என்பதால் அந்தப் பெயர், மிலிட்டரி கேன்டீன் பட்டியலில் அறுபத்தைந்தாவது அயிட்டம் என்பதால் அந்தப் பெயர் என்று ஊரில் உலவும் கதைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு மிதிப்பார். "1965-ல புகாரி போட்டது. அவ்ளோதான். அப்புறம் 78 வந்துது, 82 வந்துது, 90 வந்துது. வருஷம்பா, வருஷம்!" சர்வர் பையன் ஒடிசாக்காரன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை பிளேட் சார்?" என்றான். அன்றைக்கு அந்த மேஜையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு விஷயம் மட்டும் கண்ணில் படுவதில்லை. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் அத்தோ வண்டிகள் நிற்கின்றன. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. சிக்கன் 65-க்கு இருக்கிற வயசு அதற்கும் இருக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். "இது சரித்திரம் இல்லியா மாமா?" என்று ஒரு நாள் அந்த வண்டி பக்கத்தில் நின்றபடி கேட்டேன். "நின்னுக்கினு துன்றதெல்லாம் சரித்திரமாப்பா? குந்த ஒரு சேர் வாணாம்?" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டாவது முட்டையைப் பிளந்து மசாலா வைக்கச் சொன்னார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மாமா இருப்பார். எந்த ஓட்டல் என்று தாராளமாக அவரிடம் கேளுங்கள். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் நாலு விஷயம் தெரியும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கேட்காதீர்கள். டாஞ்சலிஸ் விமானம் தரையிறங்குவதற்குள் கடைசி கும்மிடிப்பூண்டி வண்டி போய்விடும்.