கம்பியில்லாப் பெருமான் திருவிளையாடல்

பெருங்கூட்டத்துக்கு இணையம் தர மனிதகுலம் பட்ட பாட்டைப் புராணமாகத்தான் பாட வேண்டும். மூலவர் வைஃபை. பக்தர் ஒருவராக வந்தால் உடனே காட்சி தருவார். ஐயாயிரம் பேராக வந்தால் நடையைச் சாத்திவிடுவார்.

வளையம் நுழைத்த படலம்

1999 ஜூலை, நியூயார்க். மேக்வேர்ல்டு மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையப் பக்கம் திறந்திருந்த ஐபுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கம்பி எங்கே என்று கூட்டம் தேடியது. அவரோ ஒரு ஹூலா வளையத்தை எடுத்து, வித்தைக்காரர் பி.சி.சர்க்கார் பாணியில் மடிக்கணினியை அதற்குள் நுழைத்துக் காட்டினார். அதுவும் போதாதென்று ஃபில் ஷில்லர் என்ற தலைமைச் சீடர் ஐபுக்கும் கையுமாக உயரத்திலிருந்து மெத்தையில் குதித்தார். தொடர்பும் அறுபடவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆரவாரம் ஓய நெடுநேரமானது. பார்க்க வந்தவர்களின் மடியில் அநேகமாக வைஃபை கிடையாது. அன்றைய அற்புதத்தின் ரகசியமே அதுதான்.

ஐந்து கோடு வரைந்த படலம்

2007 ஜனவரி 9, சான் பிரான்சிஸ்கோ. ஐபோன் திறப்பு விழா. கருவி இன்னும் அரைவேக்காடு. வரிசை மாற்றித் தொட்டால் மயங்கி விழும். ஜாப்ஸோ நேரடியாகத்தான் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெருமானை நம்பாத பொறியாளர்கள் பரிகாரத்தில் இறங்கிய கதையைப் பத்திரிகையாளர் ஃபிரெட் வோகல்ஸ்டைன் பின்னாளில் எழுதினார். ஆன்டெனாவின் கம்பியை இழுத்து நீட்டினார்கள். கூட்டத்தில் எவரும் குறுக்கே வராதபடி, அமெரிக்காவில் அனுமதியில்லாத ஜப்பானிய அலைவரிசைக்கு வைஃபையைத் திருப்பினார்கள். நடமாடும் செல்போன் கோபுரம் ஒன்று வந்து இறங்கியது. சிக்னல் இருந்தாலும் செத்தாலும் திரையில் ஐந்து கோடு தெரியும்படி எழுதிவைத்தார்கள். பிறகு பார்வையாளர் வரிசையில் ஸ்காட்ச் குடுவையோடு உட்கார்ந்து, அவரவர் பகுதி தேறத் தேற ஒரு மடக்கு. உலகமே வாய் பிளந்த கம்பியில்லா அதிசயத்தில் கம்பி உண்டு, சட்டமீறல் உண்டு, சரக்கும் உண்டு.

570 அடுப்பு மூட்டிய படலம்

2010 மே மாதம், அதே ஊர், மாஸ்கோன் அரங்கம். கூகுள் டிவியைக் காட்ட வந்தவர்கள், ‘தயவுசெய்து ஃபோனை அணையுங்கள்’ என்று உலகத்துக்கே ஃபோன் மென்பொருள் கொடுத்த கம்பெனியின் மேடையிலிருந்து மன்றாடினார்கள்.

ஜூன் 7 அன்று அதே அரங்கில் ஐபோன் 4. நியூயார்க் டைம்ஸ் பக்கத்தைத் திறக்க ஜாப்ஸ் விரல் வைத்தார். பக்கம் வரவில்லை. யோசனை ஏதும் உண்டா என்று அவர் கேட்க, கூட்டத்திலிருந்து “வெரைசான்!” என்று ஒரு குரல். ஐபோன் அப்போது அமெரிக்காவில் ஏடி அண்ட் டியில் மட்டுமே கிடைத்தது. வெரைசானோ அதன் போட்டிச் செல்போன் நிறுவனம். சன்னிதியில் நின்றுகொண்டே எதிர்க்கோயிலுக்குக் கோவிந்தா!

சற்று நேரத்தில் புலன்விசாரணை முடிந்தது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரங்க வைஃபையை நம்பாத நிருபர்களும் வலைப்பதிவர்களும் சட்டைப்பையில் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட்டோடு வந்திருந்தார்கள். அன்றைய வைஃபைக்குப் பிடித்தமான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரு கருவி பேசும்போது அதே தடத்தில் மற்றவை வாயைப் பொத்திக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று அடுப்புக்கு இடமுள்ள கல்யாணக்கூடத்தில், சமையற்காரரை நம்பாமல் 570 விருந்தாளிகளும் சொந்த அடுப்போடு வந்தால் புகைதான் மிஞ்சும். மடிக்கணினிகளைத் தரையில் வையுங்கள், பக்கத்து இருக்கைக்காரரையும் கண்காணியுங்கள் என்று ஜாப்ஸ் ஆணையிட்டார். செய்தி பரப்ப அழைக்கப்பட்டவர்கள் செய்தி பரப்பாமலிருந்தால்தான் செய்தியே நடக்கும் என்ற நிலை.

காற்றைக் குத்தகைக்கு எடுத்த படலம்

கூட்டம் திண்டாடினால் கல்லாவுக்குக் கொண்டாட்டம். நாஷ்வில் நகரில் மேரியட் நடத்திய கேலார்டு ஓப்ரிலேண்டு ஹோட்டலின் மாநாட்டு மண்டபத்தில், விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகள் காரணமில்லாமல் அறுந்து விழுந்தன. 2013இல் புகார் போனது. ‘இணைப்பைத் துண்டி’ என்ற போலிச் சேதிகளை ஹோட்டலின் கருவியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஹோட்டல் வைஃபைக்கோ கருவி ஒன்றுக்கு 250 முதல் 1,000 டாலர் வரை தட்சிணை. எல்லாம் விருந்தினர் பாதுகாப்புக்கே என்றது மேரியட். பாதுகாப்பு யாருக்கு என்பதில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்குக் குழப்பமே இல்லை. 2014 அக்டோபரில் 6 லட்சம் டாலர் அபராதம்.

ஆசனத்தடி அமர்ந்த படலம்

ஒருவழியாக 2014இல் ஞானம் பிறந்தது. சான்டா கிளாராவில் எழுந்த லீவைஸ் விளையாட்டரங்கில், கூரையிலிருந்து அருள்பாலித்த பெருமானை இருக்கைகளுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் வைஃபை அலையை விழுங்கும். இத்தனை காலம் சாபமாக இருந்த இந்தக் குணமே வரமாயிற்று. உட்கார்ந்திருப்பவர்களே சுவராகி அலையைத் தடுப்பதால், சற்றுத் தள்ளி அதே தடத்தை இன்னொரு வைஃபை பெட்டி கூச்சமில்லாமல் பயன்படுத்தலாம். பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை. 2016இல் அங்கே நடந்த 50ஆவது சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில் ரசிகர்கள் வைஃபை வழியே 10 டெராபைட்டுக்கு மேல் கொட்டித் தீர்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்து அஞ்சிய தொழில்நுட்பத்தைக் கடைசியில் காப்பாற்றியது கூட்டத்தின் பிருஷ்டம்.

நூற்பயன்

இப்புராணத்தைப் படித்துவிட்டு மேடையேறுவோரின் கணினிக்கு ஈதர்நெட் கம்பி வாய்க்கும். வாய்க்காதோர், முன்கூட்டியே எடுத்த வீடியோவைக் கைவசம் வைத்திருக்கக் கடவர். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு அமர்வோர் புண்ணியம் பெறுவர். அணைக்காதோர் அடுத்த பிறவியில் விழா ஏற்பாட்டாளராகப் பிறந்து, “சார், வைஃபை பாஸ்வேர்டு என்ன?” என்ற கேள்விக்கு ஆயுள் முழுக்கப் பதில் சொல்லக் கடவர்.