கழுத்தை நல்லாத் திருப்பிக்கோ, பேராண்டி

ஏலே பேராண்டி, பெங்களூருல கழுத்தைச் சடக்குன்னு முறிச்சு விடுத ஆளு ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டியாம்லா. ஒங்க பாட்டி சொன்னா. ரொம்ப சந்தோசம். ஒங்கப்பன் கழுத்தை முறிக்கணும்னு எனக்கே எத்தனையோ தடவை தோணியிருக்கு. அதுக்குப் பில்லு போட்டுக் காசு வாங்கலாம்னு மட்டும் தோணல. படிக்காதவன் புத்தி அம்புட்டுத்தான்.

நீ அனுப்பின வீடியோவைப் பாத்தேன். கழுத்துக்குப் பக்கத்துல மைக்கை வச்சு, ‘படார்’னு சத்தம் கேட்டதும் அந்தப் பொண்ணு கண்ணைச் சொருகிச் சிரிக்கா. வெலகின எலும்பு எடத்துல வந்து உக்காந்த சத்தம்னு நெனச்சிருப்ப. மூட்டுக்குள்ள நீர் இருக்கு, வெடுக்குன்னு இழுத்தா அதுல வாயுக் குமிழி உண்டாகுது. அந்தச் சத்தம்தான் அது. நீ வெரலுக்குச் சொடக்கு எடுக்கும்போது கேக்கதும் அதேதான். அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இந்த வைத்தியம் பொறந்த கதை ஒனக்குத் தெரியுமோ? அமெரிக்காவுல அயோவா மாநிலம், டேவன்போர்ட்டுன்னு ஒரு ஊரு. அங்க டேனியல் டேவிட் பாமர்னு ஒருத்தர். தேனீ வளத்தாரு, மளிகைக்கடை வச்சாரு, பெறவு கையால காந்த சக்தி பாய்ச்சி நோயைத் தீக்கேன்னு உக்காந்தாரு. 1895-ல அந்தக் கட்டடத்துல கூட்டிப் பெருக்க வந்த ஹார்வி லில்லார்டுங்கிறவரோட முதுகெலும்பை ஒரு தள்ளு தள்ளுனாராம், அவருக்குச் செவிடு போயிட்டாம். காது கேக்குத நரம்பு மண்டையோட்டுக்குள்ளயே காதுலருந்து மூளைக்குப் போயிருது, முதுகுப் பக்கமே எட்டிப் பாக்காது. அதைப் பத்தி நமக்கென்ன? செவிடு கேட்டுச்சா, தொழில் பொறந்துச்சா, அதானே முக்கியம். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நோய் எலும்பு வெலகினதாலதான் வருதுன்னு அவரு புஸ்தகமே எழுதிட்டாரு. 1906-ல உரிமம் இல்லாம வைத்தியம் பாத்தாருன்னு புடிச்சு உள்ள வச்சாக. பெரிய மனுசங்களுக்கெல்லாம் ஒரு செயில் வாசம் வேணும்லா.

சரி, ஒன் கழுத்துக்கு வருவோம். மதுரையில நரம்பு டாக்டருக்குப் படிக்காளே ஒன் அத்தை மவ, அவகிட்ட ராத்திரி ஒரு மணி நேரம் கேட்டேன். நீ கேட்டிருக்கலாம், ஒனக்கு வெக்கம்.

மூளைக்கு ரத்தம் நாலு குழாயில போகுதாம். முன்னால ரெண்டு, தொண்டைக்கு ரெண்டு பக்கமும் விரலை வச்சா துடிக்குமே, அது. பின்னால ரெண்டு. இந்தப் பின்னால போறதுதான் வம்பு புடிச்சது. கழுத்தெலும்பு மொத்தம் ஏழு. மேல உள்ள ஆறுலயும் ரெண்டு பக்கமும் துளை இருக்கு. அதுல நொழஞ்சு நொழஞ்சு ஏறி, உச்சி எலும்பு மேல ஒரு வளைவு எடுத்து மண்டைக்குள்ள போகுது. உள்ள ரெண்டும் ஒண்ணாச் சேந்து சிறுமூளைக்கும், பின்மண்டையில பார்வை பாக்குத பகுதிக்கும், மூச்சையும் முழுங்குததையும் கவனிக்குத மூளைத்தண்டுக்கும் ரத்தம் குடுக்கு. நாம தலையைத் திருப்புததுல பாதி, மேல உள்ள ரெண்டு எலும்புக்கு நடுவுலதான் நடக்குதாம். குழாய் வளையுத எடமும் அதே. முறிக்குதவன் திருகுத எடமும் அதே. எவ்வளவு பொருத்தம் பாத்தியா?

பயந்துட்டியோ? இப்ப ஒன் பக்கமே பேசுதேன், கேளு. கழுத்தை முறிச்சா மூளைக்குப் போற ரத்தம் கொறையுமான்னு 2014-ல கனடாவுல பாத்திருக்காக. ஆரோக்கியமான எளவட்டம் பத்துப் பேர் தலையைப் பல தினுசாத் திருப்பி, கழுத்தையும் முறிச்சு, எம்.ஆர்.ஐ. மிசின்ல ரத்த ஓட்டத்தை அளந்திருக்காக. சொல்லுதாப்புல ஒரு மாத்தமும் இல்ல. அதுக்கு முந்தி, 2002-ல, அதே கனடாவுல செத்தவுக கழுத்தை முறிச்சு அந்தக் குழாய் எம்புட்டு இழுபடுதுன்னு பாத்தாக. அறுந்து போக எவ்வளவு இழுக்கணுமோ, அதுல ஒம்பதுல ஒரு பங்குதான் இழுபட்டுச்சாம். பெறகென்ன, தைரியமாப் போ. ஒன் குழாய் நல்ல குழாயா இருந்தா ஒண்ணும் ஆகாது.

நல்ல குழாயா இருந்தா. அந்த வார்த்தையை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கோ, ஏன்னா சூட்சுமம் பூரா அங்கதான் கெடக்கு.

இந்தக் குழாய்ச் சுவரு அடுக்கடுக்கா இருக்கும். உள்ளடுக்கு கிழிஞ்சா, ரத்தம் அந்தக் கிழிசலுக்குள்ள பூந்துக்கிடும். நம்ம கிணத்து மோட்டாரு ஓசுல உள்பக்கம் மட்டும் பிரிஞ்சிருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, வாய்க்கால்ல தண்ணி மட்டும் கொறையும்லா, அந்தக் கதைதான். குழாய் அடைச்சாலும் அடைக்கும். இல்லைன்னா கிழிஞ்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு, அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மேல போய் மூளையில எங்கயாவது மாட்டிக்கிடும். அதுக்குப் பேருதான் பக்கவாதம். அம்பது வயசுக்கு உள்ள வாதம் வாரதுக்கு இது ஒரு முக்கியமான காரணமாம். கிழியுததுக்குப் பெரிய அடி வேணும்னு இல்ல. பலமா ஒரு இருமல், வண்டியில ஒரு குலுக்கல் போதும். சில பேருக்குக் காரணமே தெரியாது.

கிழிஞ்சதும் வாதம் வந்துருமா? அதான் இல்ல. மொதல்ல வாரது கழுத்து வலி. பிடரியில வலி, ஒரு பக்கத் தலைவலி. மத்ததெல்லாம் சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு வரும். இப்பச் சொல்லு, கழுத்து வலின்னு எந்திரிச்சவன் நேரா எங்க போவான்? ஒன்ன முறிக்கப் போறவன் கடைக்குத்தான். அவனும் பாவம், ஒன் பிடரியைத் தடவிப் பாத்து, ‘இறுகிப் போச்சு சார்’னு சொல்லுவான். உள்ள ஓசு பிரிஞ்சிருக்கா, வெறும் சுளுக்கான்னு வெளியருந்து தடவிப் பாத்துச் சொல்ல அவனால முடியாது. என்னாலயும் முடியாது. அப்புறம் ஒரு திருகு.

இதுல யாரு மேல பழி போடன்னு பெரிய சண்டையே நடந்திருக்கு. 2008-ல கனடாவுல ஒண்டாரியோ மாநிலத்து ஆசுபத்திரிக் கணக்கைப் பொரட்டிப் பாத்தாக. இந்தப் பின்குழாய் வாதம் வந்தது 818 பேருக்கு. அதுல 45 வயசுக்கு உள்ள உள்ளவுக, வாதம் வருததுக்கு மின்ன எலும்பு முறிக்குதவர்கிட்ட அதிகமாப் போயிருக்காக. ‘மாட்டிக்கிட்டான்’னு சொல்ல வாய் தெறக்குததுக்குள்ள, அதே மாதிரி குடும்ப டாக்டர்கிட்டயும் அதிகமாப் போயிருக்கிறது தெரிஞ்சுபோச்சு. டாக்டரு கழுத்தைத் திருகல, சீட்டுதான் எழுதுனாரு. அப்ப வலிதான் ரெண்டு பேர் வாசலுக்கும் ஆளைக் கூட்டிட்டுப் போயிருக்கு, கிழிசல் ஏற்கெனவே இருந்திருக்குன்னு முறிக்குதவுக குதிச்சாக. குதிக்கட்டும். ஆனா ஏற்கெனவே கிழிஞ்சதைப் புடிச்சுத் திருகுனா நல்லதான்னு கேட்டா, அந்தக் குதி கொஞ்சம் கொறையும். அதே நியாயத்தை ஒன் பக்கத்துலருந்து பாத்தேன்னா, பயம் கொறையுததுக்குப் பதிலு கூடுதுலா?

லாஸ் ஏஞ்சல்சுல கேட்டி மேன்னு ஒரு மாடல் பொண்ணு. படம் புடிக்கும்போது விழுந்து கழுத்து வலின்னு முறிச்சுக்கப் போச்சு. 2016-ல வாதம் வந்து செத்துப் போச்சு. முறிச்சதுல பின்குழாய் கிழிஞ்சதுன்னு அந்த ஊரு சாவு விசாரணை அதிகாரி எழுதிட்டாரு. அவ்வளவு தூரம் எதுக்கு? 2024-ல பெல்லாரியில ஒரு பையன் முடி வெட்டப் போயிருக்கான். வெட்டி முடிச்சதும் தலையைத் தேச்சு, ஓசியில கழுத்தையும் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி விட்டுருக்காக. வீட்டுக்குப் போனவனுக்குப் பேச்சு வரல, ஒரு பக்கம் வெலவெலத்துப் போச்சு. அவனுக்குக் கிழிஞ்சது முன்குழாய். நல்லவேளை, தேறிட்டான். நம்ம ஊரு கடையில நான் நாற்காலியில உக்காரும்போதே, ‘ஏ, கழுத்துக்கு மேல முடி மட்டும்தான் ஒனக்கு’ன்னு சொல்லிருவேன். அவனும் சிரிச்சுக்கிட்டே கையை எடுத்துருவான்.

எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்லல. பின்குழாய் கிழியுதது லட்சம் பேர்ல வருசத்துக்கு ஒருத்தருக்குன்னுதான் கணக்கு. ஆனா நீ போயி நிக்கப்போறது அந்த லட்சம் பேரு நிக்குத வரிசையில இல்ல, கழுத்து வலி வந்தவுக வரிசையில. அமெரிக்க இதயச் சங்கம் 2014-லயே நிதானமா எழுதியிருக்கு: முறிச்சதாலதான் கிழியுதுன்னு நிரூபணம் இல்ல, ஆனா ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு, முறிக்குததுக்கு மின்னாலயே இதை வந்தவுககிட்டச் சொல்லிரணும். ஒன் ஆளு சொன்னாரா? மைக்கை வச்சுக்கிட்டுச் சொன்னாருன்னா வீடியோ அனுப்பு, பாட்டிக்கும் போட்டுக் காட்டுதேன்.

ஒன் வலி பழைய வலிதானா? லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு மூக்கால பாக்கியே, அந்த வலியா? அதுக்குத் திரையை ஒசத்தி வை, தோளை அசை, நட. சில வாரத்துல பெரும்பாலும் தன்னால போயிரும். முறிக்குதவனுக்குக் குடுக்குத காசுல ஒன் அத்தை மவளுக்கு ஒரு சேலை எடு, அவ இன்னும் என்னென்னமோ சொல்லித் தருவா.

புது வலியா இருந்தா, இதுக்கு மின்ன வராத தினுசுல வெடுக்குன்னு வந்ததா இருந்தா, எவன் கையும் கழுத்துல படக்கூடாது. கூடவே தலை சுத்துது, ஒண்ணு ரெண்டாத் தெரியுது, நாக்குக் கொழறுது, எச்சி முழுங்க முடியல, மூஞ்சியில ஒரு பக்கம் மரத்துப் போச்சு, நடந்தா ஒரு பக்கமாத் தள்ளுதுன்னா, படுத்தாச் சரியாயிரும்னு படுத்துறாதே. உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்குத ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு. 108-க்குப் போடு. எனக்குப் போட்டுறாதே. நான் மொதல்ல சிரிப்பேன், அப்புறம் வைவேன், அதுலயே அரை மணி நேரம் போயிரும்.