மச்சானும் 400 நியூட்டன் மீட்டரும்

பென்ஷன் வாங்கும் ஆண்கள் கையில் இம்பாக்ட் ரெஞ்ச் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என் மனைவியின் அண்ணன் இந்நேரம் வாளையார் தாண்டி எங்காவது தலைமறைவாக இருந்திருப்பார்.

மச்சான் வங்கியில் இருந்தவர். சர்வீஸ் முழுக்க அவர் கை முடுக்கியது பேனா மூடியைத்தான். டயர் கடையில் ஒரு பையன் ஏர் கன்னை வைத்து ‘ட்ர்ர்ர்’ என்று நாலு நட்டையும் கழற்றிப் போட்டதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஏர் கன்னுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸர் வைக்க இடம் வேண்டும். இடத்துக்கு அவர் மனைவியான அக்காவிடம் பேச வேண்டும். பேட்டரி ரெஞ்சுக்கு இந்தப் படிகள் எதுவும் கிடையாது. ஒருநாள் மாலை, கல்யாணச் சீர் மாதிரி ஒரு பெட்டியில் அது வந்து இறங்கியது.

பேட்டரியின் மேல் 20 வோல்ட் என்று போட்டிருந்தது. அடுத்த தெருக்காரரிடம் இருப்பது 18. அந்த இரண்டு வோல்ட்டை வைத்துக்கொண்டு மச்சான் தெருவில் நடந்த நடையே வேறு. உண்மையில் இரண்டுக்குள்ளும் ஐந்து லித்தியம் அயன் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. செல்லுக்கு 3.6 வோல்ட் என்று போட்டால் 18. சார்ஜ் நிறைந்த கையோடு 4 என்று போட்டால் 20. ஒரே கடனுக்கு ஃப்ளாட் ரேட் ஒன்று, குறையும் இருப்பு ரேட் ஒன்று என்று இரண்டு வட்டி சொல்வீர்களே, அது மாதிரிதான் என்றேன். வங்கிக்காரருக்கு உடனே புரிந்தது. புரிந்ததனாலேயே அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பார்வைக்கு இது டிரில் மெஷின் போலத்தான் இருக்கும். சுபாவம் வேறு. டிரில்லின் பிட் எங்காவது சிக்கிக்கொண்டால் மெஷின் நம் மணிக்கட்டைத் திருகிவிடும். இம்பாக்ட் ரெஞ்சுக்குள் ஒரு சுத்தியல் இருக்கிறது. நட்டு சொன்னபடி கேட்கும்வரை எல்லாம் சேர்ந்து சுற்றும். நட்டு அடம்பிடித்தால் சுத்தியல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, நழுவிச் சுற்றி, முன்னால் வந்து ஓர் அறை விடும். நிமிடத்துக்கு 2,000, 3,000 அறை. அடி அத்தனையும் நட்டுக்கு. பிடித்திருக்கும் கைக்கு வருவது வெறும் அதிர்வு.

இதுதான் அதன் பெருமை. வில்லங்கமும் இதிலேயே இருக்கிறது. வீல் ஸ்பேனரால் முடுக்கும்போது, ‘போதும்’ என்ற தகவல் முதலில் தோளுக்கு வரும். கேட்காவிட்டால் இடுப்புக்கு வரும். அப்போதும் கேட்காதவர்களுக்கு மறுநாள் காலை எலும்பு டாக்டர் வழியாக வரும். இந்த மெஷினில் அந்தத் தபால் சேவையே கிடையாது. எவ்வளவு கொடுத்தோம் என்பது கொடுத்த கைக்குத் தெரியாது. தானத்துக்கு அழகுதான்; வீல் நட்டுக்கு ஆகாது.

கைக்கு ஒன்றும் தெரியாத இந்தக் குணமே வரமாக இருந்த இடமும் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்டத்துக்காக பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி ஒரு ரெஞ்ச் வடிவமைத்துக் கொடுத்தது. எடையற்ற வெளியில் சாதாரணக் கருவியால் போல்ட்டைத் திருகினால் போல்ட் அசையாமல் நிற்கும், மனிதர் சுற்றுவார். முறுக்கு கைக்குத் திரும்பாத ஒரு கருவி அவர்களுக்கு அவசியப்பட்டது. மச்சானுக்கு அவசியப்பட்டது ஸ்டெப்னி மாற்ற.

கோவை பீளமேட்டில் பம்புசெட் பட்டறை நடத்திய என் பெரியப்பா ஒருநாள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் கண் மெஷின் மேல் போகவே இல்லை. நேராக சாக்கெட்டுகளுக்குப் போனது. மச்சான், கூடவே வந்த கறுப்பு சாக்கெட்டுகளை ஓரம் கட்டிவிட்டு, பழைய ஸ்பேனர் செட்டிலிருந்து பளபளவென்று இருந்ததை மாட்டி வைத்திருந்தார்.

“கறுப்பா இருக்குதுங்க மாமா. பழசுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டானுங்களாட்ட இருக்குது.”

“மாப்ள, அந்தப் பளபளப்பு கையில திருப்பறதுக்கு. அடி தாங்காது. வெடிக்கும்.”

கையால் திருப்பும் குரோம் சாக்கெட்டின் சுவர் மெல்லிசு; உலோகம் கடினமானது. கடினமானது வளையாது, உடையும். இம்பாக்ட் சாக்கெட் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகு. சுவர் தடிமன், கொஞ்சம் இளக்கம் உண்டு, அடியை வாங்கிக்கொள்ளும். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெரியப்பா பஸ் ஏறியதும் பளபளப்பையே மாட்டினார். தோட்டத்து கேட்டின் துருப்பிடித்த போல்ட்டில் வைத்து அழுத்தினார். ‘ட்ர்ர்ர்... டங்!’ சாக்கெட்டின் ஒரு சில், தண்ணீர்க் குடத்தில் பட்டுத் தெறித்தது. குடம் எவர்சில்வர் என்பதால் நெளிந்ததோடு போயிற்று. மச்சான் போட்டிருந்தது மூக்குக்கண்ணாடி. செய்தி கேட்டு பெரியப்பா போனிலேயே சொன்னார்: “அது பேப்பர் படிக்கிற கண்ணாடி மாப்ள. ரெண்டு பக்கமும் கதவு தொறந்து கெடக்குது.” பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டால் மச்சான் வெல்டிங் வேலைக்கு வந்த சினிமா வில்லன் போல இருந்தார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அடுத்தது துண்டு. போர்டிகோவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்கெட்டை நட்டில் பொருத்துவதற்கு முன்பே விசையைத் தொட்டுவிட்டார். தோளிலிருந்து தொங்கிய துண்டின் நுனி சுற்றும் சாக்கெட்டில் பட்டது. கண் இமைப்பதற்குள் துண்டு முழுவதும் மெஷினுக்குச் சொந்தமாகிவிட்டது. கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நகைச்சுவையாக எழுத முடியாது. லுங்கி நுனி, துப்பட்டா, தாலிக்கொடி, தொளதொள நூல் கையுறை என்று தொங்குகிற எதையும் அந்த மெஷின் விடாது.

பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாக்கெட் மாற்றும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்கிறது கையேடு. அக்கா வீட்டில் மச்சான் அதை நினைப்பதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கறாராக அந்த விதியைக் கடைப்பிடிக்கும் தொழிற்சாலை இருக்குமா தெரியவில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியைப் போட்டு வைக்காதே, ராத்திரி சார்ஜில் மாட்டிவிட்டுத் தூங்காதே என்பவையும் இதனால் தாமாகவே நிறைவேறின.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்டிகோவுக்குள் ஓட்டினால் 100 டெசிபல் சாதாரணமாக வரும். அந்த அளவுச் சத்தத்தை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் வெறுங்காதால் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷின் கணக்கு. மச்சான் பஞ்சு வைத்துக்கொண்டார். பஞ்சு போதாது; காதடைப்பான் வேண்டும். அக்கா கூப்பிடுவது அவருக்கு முப்பது வருடமாகவே கேட்பதில்லை. இப்போது அதற்கு ஒரு மருத்துவக் காரணம் கிடைத்துவிடுமே என்றுதான் அக்காவே காதடைப்பான் வாங்கிவந்தார்.

இத்தனையும் மச்சானின் உடம்போடு நின்ற விஷயங்கள். பெரிய கூத்து என் மனைவியின் காரில் நடந்தது.

தங்கையின் காருக்கு டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார். கழற்றிய வரையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; கழற்றத்தான் அந்த மெஷின் பிறந்திருக்கிறது. மாட்டும்போதும் அதையே வைத்தார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு நீண்ட ‘ட்ர்ர்ர்’. அப்புறம் சேஃப்டிக்கு இன்னொன்று. சின்னக் காரின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருவது. மச்சானின் பெட்டியில் அச்சிட்டிருந்தது 400. நாற்பது கிலோ.

அடுத்த வாரம் அவிநாசி ரோட்டில் பஞ்சர். டிக்கியில் இருந்த சின்ன ஸ்பேனரை நட்டில் மாட்டி என் மனைவி மிதித்தாள், அசையவில்லை. டீக்கடையிலிருந்து இருவர் வந்து அதன்மேல் ஏறி நின்றார்கள்; ஸ்பேனர் வளைந்தது. கடைசியில் ஒரு லாரி டிரைவர் நீளமான பைப்பை மாட்டி இழுத்தார். மூன்று நட்டு முனகிக்கொண்டே கழன்றது. நாலாவது, ஸ்டட்டோடு ‘டக்’கென்று முறிந்து வந்தது.

“யாருங்க்கா இத முடுக்குனது?” என்று டிரைவர் உண்மையான ஆவலோடு கேட்டிருக்கிறார்.

பிறந்த வீட்டு மானம் அவிநாசி ரோட்டில் நின்றது. “டயர் கடையிலங்க” என்றாள்.

அதன்பின் பெரியப்பா வந்து சரியான முறையைச் செய்து காட்டினார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை லேசாகத் தளர்த்தினார். ஜாக்கியில் ஏற்றியதும் அதை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டும் கொடுத்தார். மாட்டும்போது நட்டை விரலால்தான் ஏற்றினார். மரை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும். மெஷினை வைத்தால் கோணலாக ஏறிய நட்டையும் அது தயங்காமல் உள்ளே தள்ளி மரையைத் தின்றுவிடும். அப்புறம் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். தாறுமாறாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும், பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும் என்றார். காரை இறக்கியபின் பையிலிருந்து ஒரு டார்க் ரெஞ்சை எடுத்தார். கார்க் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு அதைத் திருகி வைத்து, கையால் இழுத்தார். ‘டிக்’. நிறுத்தினார்.

மச்சானின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இம்பாக்ட் ரெஞ்சின் ‘ட்ர்ர்ர்’ அவருக்கு இளமையைத் தந்தது என்றால், இந்த ‘டிக்’ பழைய கவுன்டரையே திருப்பித் தந்துவிட்டது. முத்திரை குத்துகிற சத்தம்! மறுநாளே ஒன்று வாங்கினார். பச்சை அட்டை போட்ட லெட்ஜர் ஒன்றும் வாங்கினார். தேதி, கார் நம்பர், முன் இடது, முன் வலது, நியூட்டன் மீட்டர், கையெழுத்து. ஒருவர் முடுக்கினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது வங்கி விதியாம். ஆகவே என்னுடைய கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

புதிதாக மாட்டிய சக்கரத்தை 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று பெரியப்பா போகிற போக்கில் சொல்லியிருந்தார். லெட்ஜரில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதை மச்சானால் தாங்க முடியவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, திருப்பூர் வரை சும்மா ஓட்டிப் போய்வரச் சொன்னார்; போகவர ஏறக்குறைய சரியாக வரும் என்று கணக்கும் சொன்னார். அவளும் போனாள். அண்ணனுக்கு ஒரு டஜன் கையில்லாத பனியன், இறுக்கமான அளவில், வாங்கிக்கொண்டு வந்தாள்.