குல்மார்க் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் போறியாமே, உங்கம்மா சொன்னா. கொடி நட்டு, கயிறு கட்டி, மெஷின் விட்டு நெரவின தடமெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்காம். நீங்க போறது ஆஃப்-பிஸ்ட்டாம், ஃப்ரீரைடாம். "அது என்ன மாமா?"ன்னு அவ என்கிட்ட வந்து கேட்டா. "ஒண்ணுமில்லம்மா, பாதை இருக்கிற எடத்துல பாதையில போகமாட்டான். ஒம் மகன் எப்பவும் அப்பிடித்தானே"ன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இப்போதைக்கு உன் மானம் தப்பிச்சுது.

தாராளமா போ. நான் ஏன் தடுக்கப்போறேன்? பனியை ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டுமே பாத்த இந்த ஊர்ல, பட்டாளத்துப் புண்ணியத்துல அந்த மலையை மிதிச்சவன் நான். ராணுவம் 1948-லயே அங்க பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருச்சு. அதுதான் இப்ப உயர்மலைப் போர்ப் பள்ளி. எங்க காலத்துல சறுக்கணும்னா முதல்ல ஏறணும். முதுகுல மூட்டையும் கால்ல பலகையுமா, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறி முடிக்கிறதுக்குள்ள, மலை இன்னிக்கு எந்த மூஞ்சியோட இருக்குன்னு மனுசனுக்குத் தெரிஞ்சுபோயிரும். அந்தக் கஷ்டம் உங்களுக்குக் கிடையாது. கோண்டோலாங்குற ரோப்கார் 1998-ல கொங்டூரி வரைக்கும் வந்துச்சு, 2005-ல அஃபர்வாட் மலைத் தோள் வரைக்கும் போயிருச்சு. நம்ம ஊட்டித் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்னு பெருமை பேசுறோமே, அந்த உசரத்துல குல்மார்க்குல ஓட்டலும் கடையுந்தான் இருக்கு. அங்க காவா டீ குடிச்சிட்டு ரோப்கார் பெட்டியில ஏறி, ரெண்டு செல்ஃபி எடுத்து நிமிந்து பாத்தா கிட்டத்தட்ட 3,950 மீட்டர்!

உடம்பு மேல வந்த சேதி மூளைக்குத் தெரிய ஒரு நாளாவது ஆகும். அங்க மூச்சுக்குக் கிடைக்கிறது நம்மூருக் காத்துல பத்துல ஆறு பங்குதான். ஆனாலும் நீ முதல் நாள் காலையிலயே உச்சிக்குப் போயிரு. ஆபீசுல குடுத்த லீவே கொஞ்சம், அதுல உடம்பு பழகுறதுக்குன்னு ஒரு நாளை எவனாவது வீணாக்குவானா? மண்டையப் பொளந்துச்சுன்னா ராத்திரி சரியாத் தூங்கலைன்னு சொல்லிக்கோ.

மார்கழி மாசத்துல பால் வாங்கப் போறதுக்கே மப்ளர் கட்டுற பய நீ. அங்க டிசம்பர் 21-லயிருந்து 40 நாளைக்குச் சில்லை கலான்னு பேரு. குளிர்லயே பெரிய குளிர் அதுதான். காஷ்மீர்க்காரன் ஃபெரன் அங்கிக்குள்ள காங்கிரிச் சட்டியில நெருப்பை வச்சுக்கிட்டு நடப்பான். நீ பேட்டரியில சூடாகுற கையுறை வாங்கியிருக்கேங்குற. நல்லது, சார்ஜரை மறந்துராதே.

இனி விசயத்துக்கு வருவோம். கோண்டோலாவுக்கு நேர் கீழ இருக்கிற பள்ளத்தை மட்டுந்தான் ரோந்துக்காரங்க பாத்துக்கிறாங்க. புதுப்பனி கொட்டினா வெடி வச்சு, சரியவேண்டியதை முன்னாடியே சரிய வச்சிட்டு, அப்புறந்தான் ஆளை விடுவாங்க. அன்னன்னிக்குப் பனி எப்பிடின்னு அறிக்கையும் போடுவாங்க. அஃபர்வாட்டோட நீட்டு முகட்டுல மிச்சமுள்ள அத்தனையும் ஆண்டவன் பொறுப்பு. உலகம் பூராவுமிருந்து வெள்ளைக்காரன் விமானம் ஏறி வர்றது அந்த மிச்சத்துக்குத்தான். ஐரோப்பாவுல மணிக்கணக்கா மலை ஏறினாக் கிடைக்கிற சரிவு இங்க ஒரு டிக்கெட்டுல கிடைக்குது. ஆசை வராம இருக்குமா? எனக்கே வருது.

ஆனா பனி அடுக்கடுக்காத்தான் விழும். சீசன் தொடக்கத்துல விழுந்த கொஞ்சப் பனி, மேகமில்லாத ராத்திரிக் குளிர்ல கெடந்து கெடந்து சீனி மாதிரிப் பொலபொலன்னு ஆகிப்போகும். ஒண்ணோடொண்ணு ஒட்டாது. அதுக்கு மேல ஜனவரியில ஒரு ஆள் இடுப்பளவுக்குக் கொட்டும். காத்து இந்தப் பக்கத்துப் பனியை வாரி அந்தப் பக்கம் அப்பி வைக்கும். மேல பாத்தாப் பளபளன்னு கல்யாணப் பந்தல் வெள்ளை, அடியில பிடிமானமே கிடையாது. நீ போய் மிதிக்கிற. 'வும்'முன்னு ஒரு சத்தம் வரும். அது கேட்டாச்சுன்னா ஹெட்ஃபோனைக் கழட்டிரு, இனிமே பாட்டு எடுபடாது.

இன்னொரு வேடிக்கையும் கேளு. பனிச்சரிவு பெரும்பாலும் நடக்கிறது 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் நடுவுல. அதுக்குக் கம்மின்னா பனி நகராது, ரொம்பச் செங்குத்துன்னா அப்பப்பவே உதுந்துரும். உன்னைய மாதிரி ஆளு வீடியோ எடுக்கத் தேடிப்போற சரிவும் அதே 30, அதே 45. சிக்குனவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல, தானோ கூட வந்தவனோ கிளப்பிவிட்ட பனியிலதான் சிக்கியிருக்காங்க. ஆழந்தெரியாமக் காலை விடாதேன்னு பெரியவங்க ஆத்துக்குத்தான் சொன்னாங்க, பனிக்குச் சொல்லலைன்னு நீ வாதாடலாம்.

உள்ளூர் கைடு ஒருத்தன் என்ன பண்ணுவான் தெரியுமா? சரிவுல இறங்குறதுக்கு முந்தி ஓரமா ஒரு குழி வெட்டுவான். குழிச் சுவர்ல மம்பட்டி அகலத்துக்கு ஒரு பனித்தூணை நாலு பக்கமும் அறுத்துத் தனியா நிக்க வைப்பான். அது தலையில மம்பட்டித் தகட்டைக் கவுத்து வச்சு, மணிக்கட்டை மட்டும் அசைச்சுப் பத்துத் தட்டு. முழங்கையிலிருந்து பத்துத் தட்டு. தோள்லயிருந்து பத்து அறை. எத்தனாவது தட்டுல, எந்த அடுக்குல தூண் நழுவுதுன்னு பாப்பான். மூணாவது தட்டுலயே மேல்பாதி வழுக்கிட்டு மடியில வந்து விழுந்துச்சுன்னா, ஒரு வார்த்தை பேசாம பலகையைத் திருப்புவான். நீ அவன்கிட்டப் போய், "அண்ணே, அவுலியில பனிச்சறுக்குக் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கியிருக்கேன்"னு சொல்லு. அந்தச் சர்டிபிகேட்டை லாமினேட் பண்ணிக் கையோட எடுத்துட்டுப் போ. பனி வந்தாக் காட்டலாம்.

தலைக்கவசத்துல கேமரா மாட்டியாச்சு, சந்தோசம். பீக்கனுக்கு வாடகை கேட்டா மட்டும் மூஞ்சி சுருங்குது. அந்தப் பெட்டி பனிக்கு அடியிலிருந்து, "இங்கதான் கெடக்கேன்"னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்டா. போனும் கேமராவும் பக்கத்துல இருந்தா அதுக்குக் குழப்பம் வரும். கட்டியிருக்கும்போது ஒரு சாணுக்கு மேல தள்ளி வை, தேடும்போது ஒரு முழத்துக்கு மேல தள்ளி வை. பத்து நிமிசத்துக்குள்ள தோண்டி எடுத்துட்டா பத்துல ஒம்போது பேருக்கு உசிரு இருக்கும். அரை மணி தாண்டினாப் பாதிக்கு மேல கணக்கு முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள எந்த ஹெலிகாப்டரும் வராது. உன்னையத் தோண்டப்போறது கூட வர்ற கூட்டாளிதான். சரிஞ்சு நின்ன பனி கெட்டிப்பட்டுப் போயிரும், கையால பறிக்க முடியாது. அந்தப் பய ஆயுசுல மம்பட்டி புடிச்சிருக்கானா? இல்லைன்னா போறதுக்கு முந்தி ஒரு நாள் நம்ம கண்மாய்க்கரைக்கு அனுப்பி வை. வரப்பும் வெட்டின மாதிரி இருக்கும், அவனும் பழகின மாதிரி இருக்கும்.

சிரிச்சுக்கிட்டே இதையும் கேட்டுக்கோ. 2010 பிப்ரவரியில கிலன்மார்க் பக்கம் பயிற்சியில இருந்த எங்க பட்டாளத்துப் பசங்க 17 பேரு ஒரே சரிவுல போனாங்க. பனியில நடக்கக் கத்துக்கிறதே வேலையா இருந்தவங்க. 2023 பிப்ரவரியில அஃபர்வாட்ல போலந்துக்காரங்க ரெண்டு பேரு. அடுத்த வருசம் அதே மாசம் ரஷ்யாக்காரர் ஒருத்தர். அந்த 2024-ல ஜனவரி கடைசி வரைக்கும் பனியே இல்லாம மலை மொட்டையாக் கெடந்து, எல்லாரும் வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பிப்ரவரியில கொட்டுன உடனே ஆளும் போச்சு.

ஆரிஃப் கான்னு ஒருத்தரு. அந்த மலையடிவாரத்துப் பிள்ளை. அப்பா குல்மார்க்குல சறுக்குச் சாமான் கடை வச்சிருந்தவரு, பையன் நாலு வயசுலயே பலகை கட்டியாச்சு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குல இந்தியாவுக்குன்னு போன ஒரே ஆளு அவருதான். ஜயன்ட் ஸ்லாலத்துல 45-ஆவதா வந்தாரு, ஸ்லாலத்துல பந்தயத்தையே முடிக்க முடியல. நெரவின தடத்துல, கொடி நட்ட பாதையில, அவருக்கே இந்தக் கதி. நீ அவரைவிடக் கெட்டிக்காரன், ஒத்துக்கிறேன்.

சரி, முகடு வேணாம், காட்டுக்குள்ள போறேங்கிறியா? மங்கி ஹில்னு ஒரு எடம் இருக்கு, பேருக்கேத்தபடி குரங்கு உண்டு. மரத்துக்கு நடுவுல சறுக்கி பாபா ரிஷி தர்கா பக்கமோ தங்மார்க் பக்கமோ இறங்கினா, ஜீப் புடிச்சுத் திரும்பி வந்துரலாம். காடு கொஞ்சம் பரவாயில்லதான். ஆனா மரத்தடியில பனி கெட்டிப்படாம லூசாக் கெடக்கும். தலைகீழா உள்ள விழுந்தவனால தானா ஏற முடியாது. கூட்டாளி கண்ணுல படுற தூரத்துலயே போ. குரங்கு வேடிக்கை பாக்கும், தூக்கிவிடாது.

இதெல்லாம் வேணாம்னா மரப்பலகை வண்டி இருக்கு. உக்காந்தா ஒரு ஆளு கயித்தைப் புடிச்சு இழுத்துட்டுப் போவான். பேரம் பேசித்தான் உக்காரணும். மானம் போகும், காசு போகும், உசிரு போகாது.

நானா இருந்தா என்ன பண்ணுவேன்? உள்ளூர் கைடைப் புடிப்பேன். ரோந்து அறிக்கையைப் படிப்பேன். அன்னிக்குச் சரியில்லைன்னா உச்சிக்குப் போயி, வானம் தெளிஞ்சிருந்தா நங்க பர்பத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு, போன பெட்டியிலயே இறங்கி வந்து உப்புப் போட்ட டீ குடிப்பேன். ரிட்டர்ன் டிக்கெட்டுன்னு ஒண்ணு எதுக்கு விக்கிறான்?

கெளம்பு. உங்கம்மாகிட்ட காஷ்மீருக்குத் தோட்டம் பாக்கப் போறான்னு சொல்லிவைக்கிறேன். தினமும் சாயங்காலம் கீழ இறங்கினதும் எனக்கு ஒரு போன் போடு. போறதுக்கு முந்தி சிம்மைப் போஸ்ட்பெய்டா மாத்திரு, நம்மூரு ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது.