ஹெட்போனைப் பழுக்க வைக்கிற பேராண்டிக்கு

எலே பேராண்டி, கொஞ்சம் இப்படி வந்து உக்காரு. பீரோவுக்குள்ள ராவும் பகலும் 'சொய்ய்ய்'னு ஒரு சத்தம் கேக்குதே, பாம்பு கீம்பு பூந்துட்டோன்னு உங்க ஆச்சி பயந்து கிடக்கா. நான் தொறந்து பாத்தேன். 18,000 ரூவா ஹெட்போன், பெட்ஷீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு யாருக்கோ பாடிக்கிட்டிருக்கு. கேட்டா, "பர்ன்-இன் தாத்தா, பிங்க் நாய்ஸ்ங்க இந்தச் சத்தத்தை நூறு மணி நேரம் ஓட்டுனாத்தான் டிரைவர் பழகும்"ங்க. வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டாப்பல ஹெட்போனைப் பழுக்க வைக்கிற ஆளை நம்ம வீட்டுலதாம்லே பாக்கேன்.

தாத்தாவுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. மைக் செட் வச்சுப் பொழச்சவன் நான். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம்னு ஒண்ணையும் விட்டதில்ல. கிழிஞ்ச ஸ்பீக்கருக்குக் கோன் மாத்தி, கருகுன வாய்ஸ் காயிலைப் பிச்சுப்போட்டு வேற ஒட்டுன கைலே இது.

பெரிய ஸ்பீக்கர்ல நீ சொல்லுததுல கொஞ்சம் உண்மை இருக்கு, இல்லைங்கல. கோனுக்குப் பின்னால வளையம் வளையமா மடிச்ச ஒரு துணி இருக்கும், ஸ்பைடர்ம்பாங்க. பிசின் ஏத்துன துணி. புதுசுல வெறப்பா நிக்கும். ஓட்ட ஓட்ட வெறப்பு விட்டு, ஸ்பீக்கரோட சொந்த அதிர்வு சில ஹெர்ட்ஸ் கீழ எறங்கும். அதுக்கும் நூறு மணி நேரம் வேண்டாம். ஓங்கி ஓட்டுனா பெரும்பங்கு கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சிரும். உன் ஹெட்போனுக்குள்ள ஸ்பைடர் எங்கலே இருக்கு? நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதுல ஒட்டுன மயிரிழைக் காயில், பின்னால ஒரு காந்தம், நீ சொல்லுத டிரைவர் இம்புட்டுதான். சவ்வோட ஓரமே அதைத் தாங்கிப் பிடிக்கும். அசைவும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான். இதுல தளர்ந்து கனிய என்ன இருக்கு?

அமெரிக்காவுல டில் ஹெர்ட்சன்ஸ்னு ஒருத்தர். ஹெட்போனை அளக்கதையே தொழிலா வச்சிருந்த மனுசன். ஏ.கே.ஜி. க்யூ701ஐப் பொம்மைத் தலையில மாட்டி, ஓட விட்டு ஓட விட்டு அளந்து பாத்தாரு. மாத்தம் தெரிஞ்சுது, ஆனா இம்மி அளவு. தலையில ஹெட்போன் ஒரு நூல் நகர்ந்தா வர்ற மாத்தமே அதைவிடப் பெருசு. அப்புறம் புதுசையும் ஓட்டுனதையும் எது எதுன்னு தெரியாம மாட்டிவிட்டுக் கேட்டப்ப, பெரும்பாலும் சரியாத்தான் சொன்னாரு. அதை உங்கிட்ட மறைக்கப்பிடாதுல்லா? ஆனா ஒரே மாடல்ல ரெண்டு பீஸ் எடுத்தா ரெண்டும் ஒண்ணுபோலவா பாடும்? சவ்வு காட்டிக் குடுத்துச்சா, காதைச் சுத்தி இருக்க மெத்தை காட்டிக் குடுத்துச்சா, பீஸுக்குப் பீஸ் உள்ள வித்தியாசம் காட்டிக் குடுத்துச்சான்னு யாரு கண்டா?

சரி, இதுக்குப் பதில் சொல்லு. ஓட ஓட மாறுதுன்னா, சிலதாவது மோசமா மாறணும்லா? "நூறு மணி நேரம் ஓட்டுனேன், நாசமாப் போச்சு"ன்னு எவனாவது சொல்லிக் கேட்டிருக்கியா? எல்லாவனுக்கும் பேஸ் கெட்டிப்படுது, ட்ரெபிள் குழையுது, பாடுதவன் பக்கத்துல வந்து உக்காருதான். பிளாஸ்டிக்குக்கு நம்ம மனசைக் குளிர வைக்கணும்னு என்ன நேர்த்திக்கடனா?

மைக் செட் காலத்துல ஒரு வித்தை வச்சிருந்தேன். கல்யாண வீட்டுல ஒரு மாமா கட்டாயம் எந்திரிச்சு வருவாரு. "சவுண்டு சுத்தமில்லையேய்யா"ம்பாரு. ஆம்ப்ளிபயர்ல ஒயர் அந்து போன திருகு ஒண்ணு இருந்துச்சு. அதைக் கண்ணை மூடிக்கிட்டு, பிரசவம் பாக்கவ மாதிரி மெதுவாத் திருப்புவேன். "ஆங்... இப்பத்தான் சரி"ன்னுட்டுப் பந்திக்குப் போவாரு. அவரு பொய் சொல்லலலே. அவருக்கு நெசமாவே நல்லாத்தான் கேட்டுச்சு. சத்தத்தோட நுணுக்கத்தை மனுசன் மனசு சில நொடிக்கு மேல புடிச்சு வச்சுக்காது. போன வாரம் இப்படிக் கேட்டுச்சு, இந்த வாரம் இப்படின்னு நீ சொல்லுதது கதை. மூளை புதுச் சத்தத்துக்குப் பழகிரும். மொதல்ல கூச்சலாத் தெரிஞ்சது பத்து நாள்ல பாந்தமாத் தெரியும். ஆனா அதுக்கும் ஹெட்போன் உன் தலையிலல்லா இருக்கணும்? பெட்ஷீட் பழகி என்ன புண்ணியம்!

நெசமா மாறுத சாமான் ஒண்ணு இருக்கு, சொல்லட்டா? காதைச் சுத்தி இருக்கே, அந்த மெத்தை. உடம்புச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் நுரை நசுங்கி, தாடையோட வளைவுக்குப் படிஞ்சு உக்காரும். டிரைவர் காதுக்குக் கிட்ட வரும். சந்து அடைஞ்சா பேஸ் வெளிய ஒழுகாது. நம்பலைன்னா இப்பவே பாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு மாட்டு, ஒரு பாட்டைப் போடு. கண்ணாடிக் காம்பு போற எடத்துல மெத்தை தூக்கிக்கிட்டு நிக்குதா? ரெண்டு வெரலால லேசா அமுக்கு. என்ன, மத்தளம் தொப்புனு உள்ள வந்து விழுதா? இப்பக் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேளு. நூறு மணி நேரத்துல வாங்கப் பாத்ததை அஞ்சு நிமிசத்துல, அதுவும் கரண்டுச் செலவில்லாம வாங்கிட்ட. பீரோவுக்குள்ள அந்த மெத்தைக்குச் சூடு ஏது, தாடை ஏது?

இன்னும் சந்தேகம்னா, அதே மாடல் புதுசு ஒண்ணை உன் கூட்டாளிகிட்ட வாங்கியா. மெத்தையைக் கழட்டி மாத்த முடியும்னா ஒரே ஜோடியை ரெண்டுக்கும் மாட்டிக்கோ. கண்ணைக் கட்டிக்கோ, நான் மாத்தி மாத்தி மாட்டி விடுதேன். ரெண்டுக்கும் சத்தம் ஒரே அளவுல இருக்கணும், அது முக்கியம். கொஞ்சூண்டு கூட இருந்தாலும் கூடுனதுதான் நல்லாருக்கும்னு காது சாட்சி சொல்லிரும். ஸ்பீக்கர் விக்கிறவன் எல்லாவனுக்கும் தெரிஞ்ச சூட்சுமம் இது.

சத்தம்னதும்தான் ஞாபகம் வருது. பழக்குதேன்னு பெருசா வச்சுக் கேட்டுத் தொலையாத. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம், 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம், இது உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு. உள்காதுல இருக்க மயிர்செல்லு செத்தா மறுபடி மொளைக்காது. என் வலது காது குழாய் ஸ்பீக்கருக்கே போச்சு. அதனாலதான் ஆச்சி பேசுதப்ப அந்தக் காதை அவ பக்கம் திருப்பி உக்காருதேன். அது ஒண்ணுதான் லாபம்.

கடைசியா ஒரு கணக்கு. நூறு மணி நேரம்னா நாலு நாளும் நாலு மணி நேரமும். இன்னும் சில மகராசன்க முந்நூறுங்கான், பன்னிரண்டரை நாள். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்ப உனக்குக் குடுத்த தவணை பத்து நாள். இந்தக் கணக்குல யாருக்கு லாபம்னு நீயே பாத்துக்கோ. அதனால அந்த ஒயரைப் புடுங்கு. இன்னைக்கு ராத்திரியே தலையில மாட்டி, உனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு நாலு கேளு. பிடிச்சா வச்சுக்கோ. பிடிக்கலைன்னா, அட்டைப்பெட்டியை ஆச்சி அடுப்புல வைக்கதுக்கு முன்னால எடுத்து வச்சு, நாளைக்கே ரிட்டர்ன் போட்டுரு.