மூன்று சிலிண்டர் மானப் பிரச்சினை

2018 டிசம்பரில் புரோட்டான் எக்ஸ்70 வந்தபோது 1.8 லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர். 2020 முதல் பேராக்கின் தஞ்சோங் மாலிம் ஆலையிலேயே வண்டியைப் பூட்டினார்கள். 2022இல் 1.5 லிட்டரும் சேர்ந்தது. திறன் 177 பிஎஸ், பெரியதற்கு 184.

இந்த ஏழுக்காகத்தான் ஈப்போ கோப்பிக் கடைகளில் இத்தனை சண்டை.

சின்ன எஞ்சினுக்குச் சிலிண்டர் மூன்றுதான். "மூனா? அது கஞ்சில் கார் காலத்துச் சமாச்சாரம் தம்பி" என்பார் சுங்கை சிப்புட் மாமா. சாலை வரி சிசி பார்த்துப் போடுகிறார்கள், 1.5க்குக் குறையும் என்று சொன்னால் மட்டும் அவர் காது அடைத்துக்கொள்ளும். மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் மூச்சு வாங்குமாம். முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 255 என்பதால் வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அங்கே முன்னால் ஊர்வது லாரி. அதன் பின்னால் எல்லா எஞ்சினும் சமம்.

ரப்பர் தோட்டக் காலத்தில் குடும்ப வண்டி 70 சிசி ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள். முன்னால் அரிசி மூட்டை, நடுவில் அப்பா, பின்னால் பிள்ளையோடு அம்மா. சிலிண்டர் ஒன்றே ஒன்று. இப்போது அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. மாமா 1.8க்கு முன்பணம் கட்டிவிட்டார். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போய்வர.